கொலுப்படியில் ஒரு இன்ஜின்

செய்தி வந்தபோது நான் தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் விரித்து அளந்தால்தான் ஒரு மாரு. அவர் கையை மடக்கி வைத்துக்கொண்டே ஒரு மாரு மல்லிகை என்று சாதித்தார். நான் விடுவேனா? அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. பத்மாவின் மகள் சுதா.

"சரோ அத்தே, எங்க இருக்கீங்க? முதல்ல எங்கயாவது உக்காருங்க."

"பூக்கடைலடி. என்ன, சொல்லு."

"அம்மா காலைல எழுந்திருக்கவே இல்ல அத்தே. தூக்கத்துலயே..."

பூக்கூடைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் நன்றாக விரித்து இரண்டு மாரு அளந்து, இலையில் சுற்றி, என் பையில் வைத்து, "ஹோகி பன்னி அம்மா" என்று கன்னடத்தில் வழியனுப்பினார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இவள்?

நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்மாவோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு: சுத்தம் சுத்தம் என்று எல்லோரையும் வாட்டி எடுத்த பத்மா, தன் சொந்த மோட்டார் சைக்கிளைக் குப்பையோடு மாட்டி, ஆயுத பூஜை அன்று தெருவே பார்க்க அசடு வழிந்த கதை. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது.

அவளிடம் ரிலே ரிப்பேர் படித்தவர்கள் யாரும் அவளுடைய பார்வையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் வேலை முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால், அவள் வந்து சாமான்மேல் ஒரு வெள்ளைத் துணியை ஒற்றி எடுப்பாள். துணியில் இம்மி கறுப்பு தெரிந்தாலும் போச்சு. கத்த மாட்டாள். "தொடைக்காம மாட்டறதுக்குக் கழட்டாமயே இருந்திருக்கலாம்" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டால் பெரிய ஆபீசர்கள்கூடத் துணி தேட ஓடுவார்கள். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது. நகை நட்டு, பட்டுப் புடவை, பெண் வாங்கின மார்க்கு, எதைப் பற்றியும் பெருமை பேசாதவள், தன் கையிலிருந்து ஒரு பொருள் அழுக்கோடு வெளியே போனதில்லை என்பதில் மட்டும் தலை நிமிர்த்துவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு உகாதி சமயம். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "ஒரு வண்டி வாங்கியிருக்கேன் சரோ" என்றாள். ஸ்கூட்டராக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவளோடு சரஸ்வதிபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டுக்குப் போனால், கொய்யா மரத்தடியில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருக்க, முந்நூற்றைம்பது சிசி இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ஒன்று நிற்கிறது. அந்தக் காலத்தில் இந்த ஊர் வாலிபர்கள் தலைதெறிக்கப் பறந்த வண்டி. இப்போது சீட்டு முழுக்கக் கோழி எச்சம். டேங்க்கில் துரு. டயரைத் தொட்டால் உதிர்ந்தது.

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்றேன்.

"காலேஜ் படிக்கறப்போ பஸ் ஸ்டாப்புல நிப்பேன். தினம் இதே மாதிரி ஒண்ணு போகும். எல்லாப் பொண்ணுங்களும் ஓட்டறவனைப் பாப்பாங்க. நான் வண்டியைப் பாப்பேன். எனக்கு ஓட்டணும் சரோ, அவ்வளவுதான்."

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் சம்பத் பாங்க்கில் வேலை, சாது மனிதர். மனைவி சொன்னதற்கு மறு பேச்சு பேச மாட்டார், ஆனால் பயந்துகொண்டே இருப்பார். தடை வந்தது மாமனாரிடமிருந்து. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டையும் பச்சைக் கொடி, சிவப்புக் கொடியாகவே நடத்தினார். டெம்போவிலிருந்து அந்த வண்டி இறங்கியதைப் பார்த்ததும் வாசலிலேயே சிவப்புக் கொடி.

"ஏம்மா, இது வண்டியா, கோழிக்கூண்டா?"

"ஓட்டிக் காட்டறேன் மாமா."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கார்டு தீர்ப்பு. "ஆயுத பூஜைக்கு இது தானா ஸ்டார்ட் ஆகி எலுமிச்சம்பழத்து மேல ஏறணும். ஏறலேன்னா மறுநாள் விஜயதசமிக்குக் காயலாங்கடைக்காரன் வருவான். சரியா?"

"சரி மாமா" என்றாள் பத்மா. ஏழு மாதம் கூட இல்லை.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பிரித்த சாமான்களை வைக்க இடம் வேண்டுமே. பரண்மேல் கிடந்த கொலுப்படிகளை இறக்கி, சித்திரை மாதத்திலேயே ஹாலில் அடுக்கி நிறுத்தினாள். ஏழு படி. எதை முதலில் கழற்றினாளோ அது கீழ்ப்படியில், கடைசியாகக் கழற்றியது மேல்படியில். மாட்டும்போது மேலிருந்து கீழே வந்தால் போதும். ஒவ்வொரு உருப்படியிலும் எக்ஸ்சேஞ்சில் மீந்த இரட்டைக் கலர் ஜம்பர் வயர்த் துண்டு ஒன்று அடையாளத்துக்குக் கட்டியிருக்கும். இடது சிலிண்டருக்கு வெள்ளை ஜோடி, வலது சிலிண்டருக்குச் சிவப்பு ஜோடி. அதற்குள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். கேபிளில் நாம் எண்ணும் அதே வரிசை. ஒரு காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை. வெள்ளை-சாம்பல் எது என்றால் தூக்கத்திலும் சொல்வாள்: இடது கார்புரேட்டர்.

பழசை அப்படியே பழசாக மாட்டுவதிலும் அவளுக்கு இஷ்டமில்லை. அந்த வண்டியில் பொறி எழுப்ப பாயின்ட் என்று இரண்டு சின்ன உதடுகள் இருக்கும். அவை தேயத் தேய வண்டி மக்கர் பண்ணும். "நாள் பூரா ஆபீஸ்ல கான்டாக்ட் தேய்க்கறேன், வீட்டுக்கு வந்தும் தேய்க்கணுமா?" என்று சொல்லி, அதைத் தூக்கி எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றைத் தன் கையாலேயே சால்டர் வைத்துச் செய்தாள். முன் சக்கரத்துக்கு இன்னும் பெரிய டிரம் பிரேக் தேடிப் பிடித்தாள். "பிரேக் பெரிசா இருந்தாத்தான் ஆக்சிலேட்டரைத் திருக தைரியம் வரும்" என்பது அவள் கட்சி.

சிலிண்டர் கடைய மண்டி மொஹல்லாவில் லேத் வைத்திருந்த பாஷாவிடம் நானும் கூடப் போவேன். அவர் ஒவ்வொரு தடவையும், "சார் எப்போ வர்றாரு மேடம்? சைஸ் சொல்லணுமே" என்பார். சார் என்றால் சம்பத். பத்மா தன் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து, அவர் கடைந்து வைத்திருந்ததை மூன்று இடத்தில் அளந்து, "கீழ கொஞ்சம் இறுக்கமா இருக்கு பாய்" என்றாள். பாஷா தானும் அளந்து பார்த்தார். மறுபடி லேத்தில் ஏற்றினார். அடுத்த வாரம் போனபோது அவர் உள்ளே ஆளிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "ஏய், அந்த மேடம் வந்தாச்சு, டேபிளைத் துடை."

பாஷாவின் லேத் புரட்டாசியில் பழுதானது. சிலிண்டர் வரத் தாமதம். மகாளய அமாவாசையும் வந்துவிட்டது. மறுநாள் கொலு வைக்க வேண்டும். படிகள் முழுக்க இன்ஜின்.

மாமனார் ஹாலில் வந்து நின்றார். "படியைக் காலி பண்ணும்மா. உங்க அத்தை போனப்பறமும் இந்த வீட்டுல கொலு நின்னதில்லே."

"கொலு நிக்காது மாமா. ஆனா வரிசையைக் கலைச்சா என்னால மாட்ட முடியாது."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? உருப்படிகளை அங்குலம்கூட நகர்த்தாமல் இடையிடையே பொம்மைகளை வைத்தாள். மேல்படியில் கலசமும் ராஜா ராணி பொம்மைகளும். பக்கத்தில் கிராங்க் ஷாஃப்ட். தசாவதாரத்துக்கு நடுவே கியர்கள். செட்டியார் பொம்மை எப்போதும் போல அரிசி பருப்பு விற்றார்; அவர் கடைக்குப் பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர்கள், கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் ஏறும் ஊசித்துளையான ஜெட் தெரியக் கவிழ்த்து, மேலே சுத்தமான வெள்ளைத் துணி போர்த்தி. சம்பத் அதைப் பார்த்துவிட்டு, "பாங்க்ல யாரையும் கூப்பிடலே பத்மா" என்றார் பாவம்.

முதல் நாள் மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளறையில் இருந்தார். எதிர்வீட்டு நாகரத்னம்மா வந்து, "இதேனு பத்மாவ்ரே, யாவ கொம்பெ இது?" என்று கார்புரேட்டரைக் காட்டி இது என்ன பொம்மை என்று புரியாமல் கேட்டாள். பத்மா வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"அது பொம்மை இல்லம்மா. பெட்ரோலுக்கும் காத்துக்கும் கல்யாணம் பண்ணி வெக்கிற இடம்."

அவ்வளவு நாளும் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்து வந்திருக்கிறார் மனுஷன்! அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு படிகளுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம். அக்கம்பக்கத்துத் தெருவிலிருந்தும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சுண்டல் மாளவில்லை. ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். "எலுமிச்சம்பழம் ஏறணும், அதுல மாத்தமில்லே" என்று பத்மாவிடம் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை. பத்மாவுக்கு மாலை டியூட்டி. பாஷாவிடமிருந்து சிலிண்டர் வந்துவிட்டது. சனி ஞாயிறில் எல்லாவற்றையும் மாட்டி, திங்கட்கிழமை ஆயுத பூஜைக்கு நிறுத்திவிடலாம் என்று அவள் கணக்கு. கொலுவுக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனாள். செருப்பு மாட்டிக்கொண்டே, "சரோ, கார்புரேட்டர் மேல இருக்கற துணியை மட்டும் எடுத்துடாதே" என்றாள். என் காதில் நன்றாகவே விழுந்தது.

நாகரத்னம்மா வந்து, எல்லாப் பொம்மைக்கும் பொட்டு இருக்கிறதே, இன்ஜினும் தேவி படியில்தானே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு ஒன்று சரி என்று பட்டுவிட்டால் கை சும்மா இருக்காதே! சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு மேல்படியிலிருந்து ஆரம்பித்தேன். பிஸ்டனுக்குப் பொட்டு. கியருக்குப் பொட்டு. போல்ட்டு போல்ட்டாகப் பொட்டு. துணியையும் எடுத்தேன். வலது கார்புரேட்டருக்கு வைத்தேன். இடதுக்குக் கையைக் கொண்டுபோனபோது சிமிழ் சாய்ந்தது. ஒரு சிட்டிகைதான். அந்தச் சின்னப் பித்தளை ஜெட்டின் மேல் நேராகப் போய் விழுந்தது.

பதறிப்போய் வாயால் ஊதினேன். ஊதினால் வெளியே வரும் என்று நினைத்தேன், மண்டு. உள்ளே போய்விட்டது. மேலே தெரிந்ததை முந்தானையால் துடைத்து, பொட்டும் வைக்காமல், துணியைப் பழையபடி போர்த்திவிட்டேன். ஒரு சிட்டிகை குங்குமம் என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்மாவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை அவள் ஒவ்வொரு பொட்டையும் துடைத்துத் துடைத்துத்தான் மாட்டினாள்; துளைக்குள் போனது மட்டும் மேலே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை. தெருவில் எல்லா வண்டிகளும் குளித்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிற்கின்றன. பத்மாவின் வண்டி கறுப்பும் சிவப்பும் புது பெயின்ட்டில் பளபளத்தது. மாமனாரே குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். பத்மா முதன்முதலாக அவர் எதிரில் சுடிதாரில் வந்தாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். கிக்கரை உதைத்தாள். மூன்றாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. தெருவே கை தட்டியது. அடுத்த நிமிஷம் சத்தம் இழுத்து, இருமி, நின்றது. மறுபடி உதைத்தாள். மறுபடி அதே.

பத்மா ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். சைலன்சர் குழாய் இரண்டின் மேலும் நாலு சொட்டு விட்டாள். வலது பக்கம் சுர்ரென்றது. இடது பக்கம் சும்மா வழிந்தது.

"இடது பக்கம் எரியலே" என்றாள்.

அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். தன் கையால் செய்த இக்னிஷனைக் கழற்றி, ஒவ்வொரு சால்டரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிளக்கை மாற்றினாள். பொறி வந்தது. வண்டி வரவில்லை. பூசணிக்காய் உடைத்துவிட்டு மற்ற வண்டிகளெல்லாம் ஊர்வலமாகப் போயின. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சாப்பிடப் போனார்கள். மாமனார் மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், அந்த வண்டி கிளம்ப வேண்டும் என்று பத்மாவைவிட அவர்தான் வேண்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை.

நான்? எனக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. சொல்லிவிடு சரோஜா, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் மாமனார் முன்னால், நாகரத்னம்மா முன்னால், துணியை எடுக்காதே என்று சொல்லியும் எடுத்தவள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. கோழை. வாய் கிழியப் பேசுகிறவள், அன்றைக்கு ஊமையாகிவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்குப் பத்மா இடது கார்புரேட்டரைக் கழற்றினாள். ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நுனியில் சிவப்பு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஹாலுக்குள் எட்டி வலது கார்புரேட்டர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அதற்கு நான் வைத்த பொட்டின் தூள் படியில் இன்னும் ஒட்டியிருந்தது. இடது இருந்த இடம் சுத்தமாக இருந்தது. வீட்டில் பொட்டில்லாமல் போனது அந்த ஒரு உருப்படிதான். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா? என்ன கோளாறு?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் எழுந்து வந்தார்.

பத்மா விரலைச் சட்டென்று தன் கறுப்புத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"குப்பை மாமா. நான்தான் சரியா தொடைக்காம மாட்டிட்டேன்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை! நான் வாயைத் திறந்தேன். "சரோ, உள்ள போய்க் காபி போடு" என்றாள்.

சைக்கிள் பம்ப்பால் ஜெட்டை ஊதி, பெட்ரோலில் அலசி, மாட்டினாள். ஒரே உதை. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து முழங்கின சத்தத்தில் அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. ஓடி வந்து பார்த்தேன். இரண்டு எலுமிச்சம்பழமும் நசுங்கித் தெருவில் கிடந்தன. நீலப் புகைக்கு நடுவில் மாமனார் தன் பழைய விசிலை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்று சொன்னார்.

மறுநாள் காயலாங்கடைக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்தான். விஜயதசமியும் அதுவுமாக வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மாமனார் அவனுக்கு ஒரு கட்டு பழைய பேப்பரும் கிண்ணம் நிறைய சுண்டலும் கொடுத்து அனுப்பினார்.

அன்று காலை அவள் முதல் சவாரிக்கு என்னைத்தான் பின்னால் ஏற்றிக்கொண்டாள். சாமுண்டி மலை ஏறினோம். அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "பத்மா, நேத்து அந்த ஜெட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"குங்குமம்டி, நான்தான்..."

ஆக்சிலேட்டரைத் திருகினாள். என் வயிறு ஒரு வளைவு பின்னால் தங்கிவிட்டது. "சத்தத்துல ஒண்ணும் கேக்கல சரோ! அப்புறம் சொல்லு!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். ஆபீஸ் கான்டீனில், சுதா கல்யாணத்தில், என் ரிட்டயர்மென்ட் அன்றைக்கு. ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்: "அப்புறம் சொல்லு." சம்பத் கதையை யாரிடமோ சொல்லி, அது எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது. நீங்கள் விடுவீர்களா? அவள் யாரையாவது அழுக்குக்காகப் பார்த்தால் போதும், "தொடைக்காம மாட்டறதுக்குக் கழட்டாமயே இருந்திருக்கலாம் மேடம்" என்று அவள் வரியை அவளுக்கே திருப்பிப் போட்டீர்கள். அவளுடைய பிரிவுபசார விழாவில் மேடையிலேயே சொன்னீர்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். கூட்டத்தில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அறுபது வயது வரைக்கும் அந்த வண்டியை ஓட்டினாள். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரையாவது உதைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்பாள். "ரெண்டும் சமமா பேசுது" என்பாள். மாமனார் போனபிறகும் வருஷா வருஷம் கொலுவில் அவருடைய விசில் ஒரு படியில் இருக்கும்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது சுதா ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அம்மா பீரோல இருந்துச்சு அத்தே. உங்க பேர் எழுதி ஒட்டியிருக்கு. உள்ள ஏதோ ஸ்பேர் பார்ட்."

திறந்து பார்த்தேன். குங்குமம் இல்லை. சின்னப் பித்தளை ஜெட், அதில் இடது கார்புரேட்டரின் அந்த வெள்ளை-சாம்பல் ஜம்பர் வயர் கட்டியபடி. பின்னால் எப்போதோ புதுசு மாட்டிவிட்டுப் பழசை இத்தனை வருஷம் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். துளை பளிச்சென்று இருந்தது. மரையின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. துடைக்கத் தெரியாதவளா அவள்? வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறாள்.

அப்புறம் சொல்லு என்றாய் பத்மா. இதோ, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ துடைக்காமல் ஒன்றையும் மாட்டியதில்லை.

எனக்கென்று அந்த ஜெட்டை வைத்துக்கொண்டேன். இந்த ஆயுத பூஜைக்கு அதற்கு ஒரு பொட்டு பாக்கி இருக்கிறது. வைப்பேன். துளையைத் தள்ளி வைப்பேன்.